கீமோ முடிஞ்சுது, இனி என்ன? புற்றுநோய்க்குப் பிந்திய வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு வாயில் புற்று வந்து 7 வருடம் ஆகிறது. நாங்கள் களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். சிகிச்சைக்கு அலைந்த நாட்களில் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டதையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். கல்முனையிலிருந்து வந்த ஒரு ராத்தா, வாகரையிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்த ஒரு ஐயா, அக்கரைப்பற்றிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: மருந்து முடிஞ்சுது, ஆனால் ஆள் பழையபடி இல்லையே, இதுக்கு என்ன செய்யிறது?

நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை. நாங்கள் "இது இப்படித்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த பல கஷ்டங்களுக்கு ஆராய்ச்சிகள் நடந்து பதிலும் கிடைத்திருக்கிறது என்று பிந்தித்தான் தெரிந்தது. அதை வாசித்து, விளங்காததை டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் கேட்டு எழுதியதுதான் இது. மருந்தில் எதையும் மாற்ற முன் உங்கள் டொக்டரைக் கேளுங்கள்.

"புற்றுநோயில் இருந்து மீண்டவர்" என்று யாரைச் சொல்வது? 5 வருடம் கழிய வேணுமா?

வேண்டாம். 1985 இல் பிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க டொக்டர் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கே புற்றுநோய் வந்திருந்தது. நோய், சுகம் என்று இரண்டே பெட்டிக்குள் ஆளைப் போட முடியாது; சிகிச்சைக் காலம், அது முடிந்து பயத்தோடு காத்திருக்கும் காலம், பிறகு மெல்ல மெல்லப் பயம் குறையும் காலம் என்று பருவங்கள் உண்டு என்றார். அடுத்த வருடம் அவரும் வேறு சிலரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே ஒருவர் "பிழைத்து வாழ்பவர்"தான் என்று வரையறுத்தது. 2005 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஒன்று வெளியிட்ட பெரிய அறிக்கையின் சாரம், சிகிச்சை முடிந்தவர் நோயாளி வாழ்க்கைக்கும் சாதாரண வாழ்க்கைக்கும் நடுவே தொலைந்துபோகிறார் என்பது. அதை வாசித்தபோது எங்கள் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. கடைசிக் கதிர்வீச்சு முடிந்த அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது, அடுத்த கிளினிக் திகதி மட்டும்தான்.

வாந்தி, நோவு, களைப்பு எல்லாம் மருந்தோடு வருவதுதானே? டொக்டரிடம் ஏன் அதைச் சொல்லிக்கொண்டு இருப்பான்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

நியூயோர்க்கில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ எடுத்த 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பகுதியினர் வாந்தி, நோவு, மூச்சு முட்டு, வயிற்றோட்டம் என்று 12 அறிகுறிகளைத் தாங்களே கணினியில் பதிந்து வந்தார்கள். ஒன்று கூடினால் தாதிக்குச் செய்தி போகும், அவர் அழைத்துக் கதைப்பார். வேறு புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 2017 இல் முடிவு வெளிவந்தது. வழமையான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 26 மாதம், சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 31.2 மாதம். வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னதாலும், அதை ஒருவர் கேட்டுக் கவனித்ததாலும் கிடைத்த 5 மாதம் அது.

எங்கள் சனத்துக்கு இது பெரிய பாடம். வீட்டில் "அந்தா, சோறு தண்ணி இறங்கல்ல, ரெண்டு நாளா" என்று சொல்லும் ஆள், டொக்டருக்கு முன்னால் போய் இருந்ததும் "பரவாயில்லை சேர்" என்று சொல்லிவிட்டு வருவார். என் கணவரும் அப்படித்தான். கிளினிக்கில் ஒரு டொக்டர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் மூன்று இலக்கம்: நோவு எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, நித்திரை எவ்வளவு, 10 க்கு. கிளினிக்குக்குப் போகும்போது அந்த மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு போவேன். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டதும் தாளை மேசையில் வைப்பேன். டொக்டர் அதைப் பார்த்து நோவு மருந்தின் அளவை மாற்றியது அந்த முதல் நாளே.

வாந்திக்கு ஒரு வார்த்தை. இன்று வாந்தியைத் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஒன்று சரிவரவில்லை என்றால் வேறொன்றைச் சேர்க்கலாம். "கீமோ என்றால் சத்தி எடுக்கத்தான் வேணும்" என்ற கதை பழசு.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பெனடோல் போட்டுப் பார்க்கலாமா?

போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். கீமோ வெள்ளை இரத்த அணுக்களைக் குறைக்கிறது. அந்த நேரத்தில் வரும் கிருமித் தொற்று சில மணித்தியாலத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், தொட்டால் அடுத்த கிளினிக் வரைக்கும் பார்த்திருக்காமல், இரவென்றாலும் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். போனவுடன் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "இவர் கீமோ எடுக்கிறவர், கடைசி ஊசி இன்ன திகதி." கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டு போங்கள். வாகனம் இல்லை என்றால் 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எங்கள் பக்கம் மாரி காலத்தில் டெங்கு பரவுவதால் ஒரு குழப்பம் வரும். "டெங்குவாக்கும், மூன்று நாள் பார்ப்போம்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். கீமோ எடுப்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. டெங்குவா, தொற்றா என்று ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். ஒரு வெப்பமானி வாங்கி சாமியறையிலோ அலுமாரியிலோ எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

வாயில் கதிர்வீச்சு எடுத்தபின் வாய் திறக்க ஏலாமல் இருக்கிறது. இது சரியாகுமா?

கரண்ட் பிடிக்கிறது என்று சனம் சொல்லும் கதிர்வீச்சு, தாடைத் தசைகளை மெல்ல இறுக்குகிறது. சத்திர சிகிச்சையும் சேர்ந்தால் இன்னும் இறுகும். முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் திறந்தால் அதை வாய் இறுக்கம் என்று கணக்கெடுக்கிறார்கள். வீட்டில் அளக்க எளிய வழி, உங்கள் மூன்று விரலை நெடுக்காகச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல்தான் போகிறது என்றால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள்.

இறுகியபின் திறப்பது கடினம், இறுகாமல் வைத்திருப்பது அதைவிட எளிது. அதனால் பயிற்சி சிகிச்சை நடக்கும்போதே தொடங்க வேண்டும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கதிர்வீச்சு முடிந்து 4 மாதம் கழித்து, அவருக்கு இட்லித் துண்டு ஒன்றை வாய்க்குள் வைக்க முடியாமல் போனபோதுதான் நாங்கள் கவனித்தோம். பிறகு ஒரு உடற்பயிற்சி வைத்தியர் காட்டித் தந்தார். தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு ஒரு குச்சி கூட்டுவது. இந்தத் துறையில் பழைய முறை இது. விலை கூடிய கருவியும் இருக்கிறது, கிடைத்தால் நல்லது. நான் பக்கத்துப் பிள்ளைகள் தின்ற ஐஸ்பழக் குச்சிகளைச் சேர்த்து, அவித்து, காயவைத்து எடுத்தேன். முதல் நாள் 9 குச்சி. கண்ணால் தண்ணீர் ஓடியது அவருக்கு. ஒரு நாளைக்கு ஐந்து தரம், சுடுதண்ணியில் நனைத்த துணியைக் கன்னத்தில் வைத்தபிறகு. 8 மாதத்தில் 15 குச்சி. இன்றைக்கும் விடவில்லை, விட்டால் திரும்ப இறுகும். உங்களுக்கு எத்தனை குச்சி, எவ்வளவு நேரம் என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சத்திர சிகிச்சைக் காயம் ஆறாமல் தொடங்கக் கூடாது.

பல் விசயம் இதைவிடப் பெரியது. கதிர்வீச்சுப் பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துபோகும். பிற்காலத்தில் அந்த இடத்துப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக் கூடும். அந்த ஆபத்து 10 வருடம் கழிந்தாலும் போவதில்லை. ஆகவே பழுதான பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்னரே பிடுங்கி, காயம் ஆற 2 வாரமாவது விட வேண்டும். கதிர்வீச்சு முடிந்தவர் எந்தப் பல் டொக்டரிடம் போனாலும், கதிரையில் ஏறி இருக்க முன், "எனக்குத் தாடைக்குக் கதிர்வீச்சு நடந்தது" என்று சொல்ல வேண்டும்.

வாய் காய்வதற்கு அடிக்கடி ஒவ்வொரு மிடறு தண்ணீர். புண்ணுக்கு, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து நாளுக்குப் பலமுறை கொப்பளிக்கலாம். சில கீமோ மருந்துக்கு ஐஸ் ஒரு மருந்து. 5-எஃப்யூ என்ற மருந்தை ஊசியாக ஏற்றும்போது அரை மணித்தியாலம் ஐஸ் துண்டை வாயில் வைத்திருந்தால் வாய்ப்புண் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியதால், சர்வதேச வழிகாட்டல்களில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஒக்சாலிபிளாட்டின் எடுப்பவருக்குக் குளிர் பட்டால் தொண்டையும் கையும் கூசி விறைக்கும், அவருக்கு ஐஸ் வேண்டாம். உங்கள் மருந்தின் பெயரைத் தாதியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது, இனி ஒரு வாய் வெற்றிலை போடலாமா? புகையிலை இல்லாமல்?

வேண்டாம், ஐயா. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாய்ப் புற்றுத்தான். புகையிலை மட்டும்தான் கெடுதி என்று நாங்களும் நம்பியிருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், பாக்கைத் தனியாகவும், புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. வாயைக் கல்லாக இறுக வைப்பதும் பாக்குத்தான். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வட்டாவை நீட்டும்போது மறுப்பது கஷ்டம் என்று தெரியும். தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்துவிடுங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

எந்த நேரமும் களைப்பு. படுத்திருந்தால் தீருமா?

புற்றுநோய்க் களைப்பு படுத்தால் தீராது, அதுதான் அதன் குணம். 2017 இல் 113 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 11,525 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், களைப்புக்கு மாத்திரையைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் கூடப் பலன் தந்தன. முதலில் இரத்தம் குறைவா, தைரொயிட் பிரச்சினையா, நித்திரை இல்லையா என்று டொக்டர் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றால், நடக்க வேண்டும்.

நடையின் பலன் களைப்போடு நிற்கவில்லை. பெருங்குடல் புற்றுக்குச் சத்திர சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்துப் பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 2025 இல் வந்தது. ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி நல்லது என்று புத்தகம் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு 3 வருடம் ஒரு பயிற்றுநர் கூட நின்று நடக்க வைத்தார். கிழமைக்கு மூன்று நான்கு நாள், முக்கால் மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை வேக நடை நடப்பது போன்ற அளவு. 8 வருடம் கழித்து, புத்தகம் கிடைத்தவர்களில் 83.2 வீதம், நடந்தவர்களில் 90.3 வீதம் உயிரோடு இருந்தார்கள். சில கீமோ மருந்துகளே தராத வித்தியாசம் இது. பெருங்குடல் புற்றில் கண்டது மற்றப் புற்றுகளுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் நடப்பதற்குத் தயங்கக் காரணமும் இல்லை.

எனக்கு இதில் பிடித்த விசயம், புத்தகம் கொடுத்தது போதவில்லை, ஆள் கூட நின்றதுதான் பலித்தது. ஆகவே "நடவுங்கோ, நடவுங்கோ" என்று வீட்டில் இருந்து சொல்லாமல் மகளோ மருமகனோ கூடப் போங்கள். கல்லடிக் கடற்கரையில் வெயில் ஏறமுன், அம்பாறைப் பக்கம் என்றால் வாய்க்கால் கட்டில். முதல் கிழமை ஐந்து நிமிடம் போதும். எலும்பில் நோய் பரவியவரும் இதய வருத்தக்காரரும் டொக்டரைக் கேட்டபிறகுதான்.

மார்பகச் சத்திர சிகிச்சைக்குப் பிறகு கை வீங்குது. அந்தக் கையால் ஒரு பாரமும் தூக்கக் கூடாதா?

நெடுங்காலமாக அப்படித்தான் சொன்னார்கள். குடம் தூக்காதே, பிள்ளையைத் தூக்காதே என்று. 2009 இல் அமெரிக்காவில் கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் கிழமைக்கு இரண்டு நாள், சிறிய பாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டிப் பாரம் தூக்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது, பாரம் தூக்கியவர்களில் 14 வீதத்தினருக்கு, தூக்காதவர்களில் 29 வீதத்தினருக்கு.

மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணுக்கும், வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும் இது பெரிய செய்தி. கையைச் சும்மா வைத்திருந்தால் அது பலமிழந்துபோகும். ஆனால் அந்தப் பெண்கள் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், கையில் இறுக்கமான அழுத்த உறை போட்டுத்தான் தொடங்கினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரேயடியாக நெல் மூட்டையில் கை வைக்காதீர்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது தோல். மீன் வெட்டும்போது முள் குத்தினாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கால் விறைக்குது. கதிர்காமம் பாதயாத்திரை போகலாமா? தீ மிதிக்க நேத்தி வைத்திருக்கிறேன்.

பக்லிடாக்செல், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் கால் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். பலருக்கு மாதக்கணக்கில் குறைந்துவரும், சிலருக்கு மிச்சம் நிற்கும். அதில் நோவும் எரிவும் இருந்தால் டுலொக்செட்டின் என்ற மருந்து உதவுவதாக 2013 இல் 231 பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. வெறும் விறைப்புக்கு அது அவ்வளவு உதவுவதில்லை.

உகந்தையிலிருந்து காட்டுப் பாதையால் கதிர்காமம் போவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஊறியது, போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரச்சினை காலில் உணர்வு இல்லாததுதான். முள் ஏறினாலும் தெரியாது, சுடுமணல் பொக்களம் போட்டாலும் தெரியாது, பொழுதுபட்டுக் காலைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். காட்டுக்குள் ஆஸ்பத்திரியும் கிடையாது. கீமோ முடிந்து இரத்த அணுக்கள் ஏறி, டொக்டரும் சரி என்றால், மூடிய சப்பாத்தோடு, ஒவ்வொரு தங்கலிலும் இன்னொருவர் உங்கள் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க, போகலாம். இந்த வருடம் ஏலாது என்றால் பஸ்ஸில் போய்க் கும்பிடுங்கள்.

தீமிதிப்பு வேறு விசயம். உணர்வில்லாத கால் சுடும்போது வேகமாக எடுக்காது. பாண்டிருப்பில் நேத்தி வைத்திருந்த ஒரு மச்சாளுக்குப் பூசகரே வேறு நேர்த்திக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள்.

தயிர், மீன், இனிப்பு, அன்னமுன்னா இலை: எதைச் சாப்பிடலாம்?

கீமோ எடுக்கும்போது பச்சையாக ஒன்றும் கூடாது என்ற கடுமையான பத்தியம், தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. கை கழுவுவது, நன்றாகக் கழுவிய பழம், புதிதாகச் சமைத்த சோறு, இவைதான் முக்கியம். எருமைத் தயிர் வாழ்நாளெல்லாம் தின்றவருக்கு அதை நிறுத்துவது பெரிய துக்கம்தான், ஆனால் வெள்ளை அணு மிகக் குறைந்திருக்கும் நாட்களில் வீதியோரச் சட்டித் தயிரைத் தவிர்த்து, பிறகு தொடங்குங்கள். மீனும் முட்டையும் பருப்பும் தேவை, உடம்பு மெலியவே கூடாது. சீனி தின்றால் புற்று வளரும் என்ற பயத்தில் சோறு கஞ்சியை நிறுத்தி மெலிந்துபோனவர்களைக் கண்டிருக்கிறேன்.

அன்னமுன்னா இலைக் கசாயம் பற்றி கட்டாயம் சொல்ல வேண்டும். ஆய்வுகூடக் கிண்ணத்தில் அது புற்றுக் கலங்களைக் கொன்றது உண்மை. கிண்ணத்தில் கொல்வதெல்லாம் உடம்பில் மருந்தாவதில்லை. கரீபியன் தீவான குவாடலூப்பில் முள் அன்னமுன்னாவை வழக்கமாக உட்கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நோய் கூடக் காணப்பட்டதை 1999 இல் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிவேடுகளைப் பார்த்து 2018 இல் வெளிவந்த ஆய்வில், குணமாக்கக் கூடிய நிலையில் இருந்தும் மருத்துவத்தை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நோன்பு பற்றிக் கேட்ட ராத்தாவுக்கு: நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது. சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர், மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் றமழானுக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப வந்திடுமோ என்ற பயம் போகுதில்லை.

தலையிடித்தால் மூளைக்குப் போய்விட்டது, முதுகு நோந்தால் எலும்புக்குப் போய்விட்டது. கிளினிக்குக்கு முந்திய கிழமை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. இதுவும் ஆராயப்பட்ட விசயம். 2017 இல் அவுஸ்திரேலியாவில் 222 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயத்தை அடக்கு என்று சொல்லாமல், அந்த நினைவு வரும்போது அதைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் இருக்கப் பழக்கினார்கள், ஐந்து தடவை சந்தித்து. மனதைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் பயம் கூடக் குறைந்தது, 6 மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. ஆக, "மனதைத் திடப்படுத்து" என்று சொல்வதால் மட்டும் போகாத பயம், பயிற்சியால் குறையும். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியம் என்பதற்கு அடையாளம் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

எங்கள் வீட்டு வழி ஒன்று. புதிய நோவு ஒன்று வந்தால் கலண்டரில் எழுதுவோம். இரண்டு கிழமை விடாமல் இருந்தால் டொக்டர். அதற்குள் போனால் அதோடு சரி. இரத்தம் கசிவது, புதிய கட்டி, மூச்சு முட்டு என்றால் இந்தக் கணக்கில்லை, அன்றே.

நோவு தணிப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா? மோர்பின் தொடங்கினால் முடிவு கிட்டவா?

இந்தப் பயத்தால் எத்தனை பேர் தேவையில்லாமல் துடித்திருக்கிறார்கள். 2010 இல் பொஸ்டனில், பரவிய நுரையீரல் புற்று வந்த 151 பேரில் ஒரு பகுதிக்குத் தொடக்கத்திலிருந்தே புற்றுச் சிகிச்சையோடு நோவு தணிப்புக் குழுவின் கவனிப்பும் கிடைத்தது. அவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, வாழ்க்கைத் தரம் மேல். ஆயுளும் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். கைவிட்டவருக்குக் கொடுப்பது என்று நினைத்த கவனிப்புத்தான் ஆயுளைக் கூட்டியது.

மோர்பின் நோவுக்கு மருந்து, நோவு குறைந்தால் அளவும் குறைக்கப்படும். டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அது ஆளைக் கொல்லாது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் மருந்தைச் சேர்த்துக் கேளுங்கள். நவீன நோவு தணிப்பு இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், உடம்பு நோவோடு பயமும் கடனும் தனிமையும் சேர்ந்ததுதான் முழு நோவு என்றார். கேரளாவில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், அயலவர்களையே பயிற்றி வீடு வீடாக அனுப்பியது. தேங்காயும் கடலும் ஒன்றுபோல இருக்கும் எங்கள் கரையிலும் அது முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்ப நல உத்தியோகத்தரும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், கோயில் சபையும் பள்ளிவாசல் சபையும் இருக்கின்றன.

பிள்ளைக்கு 5 வயதில் இரத்தப் புற்று. சுகமாகி இப்போது ஏ.எல். படிக்கிறான். இனியும் டொக்டர் தேவையா?

தேவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994 இல் தொடங்கிய ஆய்வொன்று, சிறுவயதில் புற்று வந்து பிழைத்த 10,397 பேரைப் பின்தொடர்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவு: 62.3 வீதமானவர்களுக்கு ஏதோவொரு நீண்டகால உடல்நலக் குறை இருந்தது. அவர்கள் எடுத்தது பழைய காலத்துச் சிகிச்சை, இப்போது கதிர்வீச்சும் மருந்தும் கவனமாகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் டொக்சோருபிசின் என்ற சிவப்பு மருந்து எடுத்தவரின் இதயத்தை வருடங்கள் கழித்தும் பார்க்க வேண்டும்.

இதற்கு உங்களிடம் இருக்க வேண்டியது ஒரு தாள்: என்ன புற்று, எந்த மருந்து, மொத்த அளவு எவ்வளவு, கதிர்வீச்சு எங்கே, முடிந்த திகதி. கிளினிக் கொப்பி வெள்ளத்தில் நனைந்தால் இந்த விபரமும் போய்விடும், எங்கள் ஊரில் அது நடக்காத விசயமா? படம் எடுத்து இரண்டு பேரின் போனில் வையுங்கள். தாள் மட்டும் கொடுத்தால் மனக்கஷ்டம் குறைகிறதா என்று கனடாவில் 408 பெண்களை வைத்துப் பார்த்தார்கள், 2011 இல் வந்த முடிவு, குறையவில்லை. அது சரி, தாள் ஆறுதல் தராது. புதிய டொக்டரிடம் போகும்போது வழி காட்டும்.

செலவு?

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், அது பெரிய கொடை. ஆனால் பஸ் காசு, ஓட்டோ, கூடப் போகிறவரின் கூலி நாள், வெளியில் எடுக்கும் ஸ்கேன், கொழும்பில் தங்கும் செலவு, இவை குடும்பத்தைச் சாய்க்கும். தென்கிழக்காசியாவில் 8 நாடுகளில் 9,513 நோயாளிகளைப் பார்த்து 2015 இல் வந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 48 வீதமானவர்கள் பணத்தால் நொடிந்துபோயிருந்தார்கள். செய்யக் கூடியது: ஒரே கிழமையில் வரும் இரண்டு கிளினிக்குகளை ஒரே நாளில் போடக் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நகை அடகுக்குப் போக முன் இதைச் செய்யுங்கள்.

கவனிக்கிற எனக்கு நித்திரை இல்லை. அதைச் சொல்வது சரியா?

சொல்லுங்கள். கவனிப்பவருக்குத் தொடக்கத்திலிருந்தே ஆதரவு கொடுத்தால் அவரின் மனச்சோர்வு குறைகிறது என்று 2015 இல் 122 குடும்பத்தவரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. கிழமைக்கு ஒரு பின்னேரம் நாத்தனாரையோ அண்ணன் மகளையோ கூப்பிட்டு இருத்திவிட்டு, நீங்கள் வெளியே போங்கள்.

இந்த ஆய்வெல்லாம் வெள்ளைக்காரரை வைத்துச் செய்தது. எங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. நியூயோர்க்கில் கணினியில் பதிந்ததை வாழைச்சேனையில் எதில் பதிவது? சில விசயம் உடம்பின் இயல்பு, எங்கும் ஒன்றுதான். சிலவற்றை இங்கேயே பார்த்தால்தான் தெரியும். மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் வாந்திக்குக் கொடுக்கும் ஒலன்சப்பைன் மருந்தை 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024 இல் வெளிவந்த முடிவு: வாந்தி அதேயளவு அடங்கியது, பகல் தூக்கம் குறைந்தது. எங்களைப் போன்ற உடம்பில் கேட்டதால் கிடைத்த பதில் அது.

ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ ஆய்வுக்குக் கேட்டு வந்தால் ஓடிவிடாதீர்கள். எதற்கு, எவ்வளவு நேரம், என் பெயர் வெளிவருமா என்று கேளுங்கள். மறுத்தாலும் நடுவில் விலகினாலும் உங்கள் சிகிச்சை மாறக் கூடாது, அது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் கேளுங்கள்.

போன வருடம் ஒரு மாணவி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து என் கணவரிடம் ஒரு நீண்ட படிவத்தைக் கேட்டு நிரப்பினாள். சாப்பாடு, நித்திரை, கடன், கோயில், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், "வாய் எவ்வளவு திறக்கிறது, அங்கிள்?" என்று கேட்டாள். 7 வருடத்தில் எங்கள் வீடு தேடி வந்து அதைக் கேட்ட முதல் ஆள் அவள். அவர் உள்ளே போய் ஐஸ்பழக் குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.